பொதுக் கொள்கையில் முதுகலை: பாம்பனிலிருந்து கேட்ட தங்கைக்கு ஒரு நீண்ட பதில்

ராமநாதபுரத்தில் பி.ஏ. வரலாறு கடைசி வருடம் படிக்கிறீர்கள். ஊர் பாம்பன் பக்கம். அண்ணன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார், அம்மா பாசி எடுக்கப் போகிறவர். பொதுக் கொள்கை என்று ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறதாமே, அதைப் படித்தால் வேலை கிடைக்குமா, ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு உதவுமா, இல்லை வீட்டில் சொல்கிறபடி பி.எட். சேர்ந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: எங்கள் கடலைப் பற்றி யாரோ எங்கேயோ முடிவெடுக்கிறார்கள், அது எப்படி நடக்கிறது என்று இந்தப் படிப்பில் தெரியுமா? உங்கள் மனதில் இருக்கிற கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். வேலை, நுழைவுத் தேர்வு எல்லாம் பிறகு.

நான் இந்தப் பாடத்தில் முதுகலை முடித்தவன். அதன் பிறகு மண்டபம், ராமேசுவரம், தொண்டி வரை மீனவர் சங்கங்களோடும், ஆய்வு நிறுவனங்களுக்காகவும் பல வருடம் வேலை செய்திருக்கிறேன். இந்தக் கரையைப் பற்றியும், இந்தியாவில் இருக்கிற படிப்புகளைப் பற்றியும் தைரியமாகப் பேசுவேன். வெளிநாட்டில் போய்ப் படிப்பது பற்றி அங்கே படித்தவர்களைக் கேளுங்கள், என் அனுபவம் அதில் செல்லாது.

உங்கள் அண்ணன் ஒரு ராத்திரி கடலுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் போவது திங்கள், புதன், சனி. மற்ற நாலு நாள் நாட்டுப்படகுக்காரர்களுடையது. பாக் நீரிணைப் பக்கம் இந்த மூன்று நாள், நாலு நாள் ஏற்பாடு 1970களின் கடைசியில் இரண்டு தரப்புக்கும் நடந்த மோதலுக்குப் பிறகு பேசி முடிவானது. படகு கிளம்பக் காலையில் மீன்வளத் துறை அலுவலகத்தில் டோக்கன் வாங்க வேண்டும். கரையை ஒட்டி வலையை விடக் கூடாது. 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோது விசைப்படகுகளுக்குக் கரையிலிருந்து 3 கடல் மைலை விலக்கி வைத்தார்கள். சரி, வெளியே போகலாம் என்றால் ஒரு டஜன் கடல் மைலுக்குள்ளேயே எல்லைக்கோடு வந்துவிடுகிறது. அது 1974இல் டெல்லியும் கொழும்பும் கையெழுத்துப் போட்டு வரைந்த கோடு. அதைத் தாண்டினால் கைது, படகு பறிமுதல். 2017இலிருந்து இலங்கையில், நம் விசைப்படகுகள் செய்கிற இழுவை மடித் தொழிலையே, அதாவது கடலடியில் வலையை இழுத்துக்கொண்டு போய்ப் பிடிப்பதையே, சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். அண்ணன் போகிற அந்த விசைப்படகும் தானாக வந்து முளைத்ததில்லை. ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில், இறால் ஏற்றுமதியால் அந்நியச் செலாவணி வரும் என்று அரசே மானியம் கொடுத்து வளர்த்த தொழில் அது.

இதில் எத்தனை முடிவுகள் இருக்கின்றன பாருங்கள். படகு வாங்கச் சொன்னது ஒரு காலத்து அரசு. கரைக்குக் கிட்டே வராதே என்றது இன்னொரு சட்டம். எல்லைக்கோட்டைப் போட்டவர்கள் கடல் மீன்வளத்தை மனதில் வைத்துப் போடவில்லை. நாளைப் பிரித்தது கரையில் நடந்த பேச்சு. ஒவ்வொன்றும் வேறு வேறு வருடத்தில், வேறு வேறு அலுவலகத்தில், வேறு வேறு காரணத்துக்காக எடுத்த முடிவு. எடுத்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. உங்கள் அண்ணன் மட்டும்தான் அத்தனையையும் ஒரே ராத்திரியில் சந்திக்கிறார். 'யாரோ எங்கேயோ முடிவெடுக்கிறார்கள்' என்று எழுதினீர்களே, அந்த 'யாரோ' ஒரு ஆள் இல்லை. இந்தப் படிப்பு ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கப்பட்டால் செய்கிற வேலை, இந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கப் பழக்குவது. எந்த முடிவு, எந்த வருடம், எந்த அதிகாரத்தின் கீழ், எந்தக் கணக்கை வைத்து, யார் யார் அறையில் இருந்தபோது எடுக்கப்பட்டது என்று கேட்கப் பழக்குவது.

அதிகாரம் என்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கரையில் பாதிச் சண்டை தவறான கதவைத் தட்டுவதால் வருகிறது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஆட்சிக்குட்பட்ட கடற்பரப்புக்கு, அதாவது 12 கடல் மைலுக்கு அப்பால் மீன்பிடிப்பது மத்தியப் பட்டியலில் இருக்கிறது. காடும் வன உயிரும் 1976க்குப் பிறகு பொதுப் பட்டியலில். உங்கள் அம்மா பாசிக்குப் போகிற தீவுகள் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் சேர்ந்தவை. அங்கே அவரை நிறுத்துவது வனத் துறை, அதற்கு ஆதாரம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். ஆக, ஒரே வீட்டில் அண்ணனுக்கு மீன்வளத் துறை, அம்மாவுக்கு வனத் துறை. மீன்வளத் துறை உதவி இயக்குநரிடம் பாசிப் பிரச்சினையைக் கொண்டுபோனால் அவர் நல்லவராகவே இருந்தாலும் என்ன செய்வார்?

அடுத்து, ஒரு பிரச்சினைக்கு என்ன பெயர் வைக்கிறோமோ அதற்கேற்ற தீர்வுதான் வரும் என்பதை இந்தப் படிப்பு சொல்லிக்கொடுக்கும். 2017இல் வந்த ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாக் நீரிணை இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு, தூண்டிலும் செவுள் வலையும் உள்ள ஆழ்கடல் படகு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அப்போது படகு விலை 80 லட்சம். அதில் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், மீனவர் கையிலிருந்து 10 சதவீதம். மூன்று வருடத்தில் 2,000 படகு என்று இலக்கு வைத்தார்கள். முதல் சில வருடங்களில் தண்ணீரில் இறங்கியது அதில் ஒரு சிறு பங்குதான். காகிதத்தில் பார்த்தால் 70 சதவீதம் மானியம், இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். கரையில் நின்று பார்த்தால் வேறு கேள்விகள் வரும். காலையில் போய் மறுநாள் காலையில் திரும்பிப் பழகிய ஆட்கள் வாரக் கணக்கில் நடுக்கடலில் கிடப்பார்களா? சூரை மீனைத் தேடிப் பிடிக்கிற தொழில் தெரியுமா? கையிலிருந்து போட வேண்டிய 8 லட்சத்துக்கும் கடனுக்கும் யார் ஈடு கொடுப்பது? படகே இல்லாமல் பங்குக்குப் போகிற உங்கள் அண்ணன் மாதிரி ஆட்களுக்கு இந்தத் திட்டத்தில் என்ன இருக்கிறது? 'எல்லை தாண்டுகிறார்கள்' என்று பிரச்சினைக்குப் பெயர் வைத்ததால் படகை வேறு பக்கம் திருப்புவது தீர்வாக வந்தது. 'கடன்பட்டுத் தொழில் செய்கிறார்கள்' என்று பெயர் வைத்திருந்தால் தீர்வு வேறாக இருந்திருக்கும். இதுவரை உறுதியாகச் சொல்வேன். திட்டம் மெதுவாகப் போனதற்கு இவற்றில் எந்தக் காரணம் முதன்மையானது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. எனக்குக் கடன்தான் பெரிய காரணமாகப் படுகிறது, அது என் கணிப்பு.

திட்டம் எழுதுகிறவர்கள் கையில் இருக்கிற எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் சென்னையில் தொடங்கி, 1949இல் நம்ம மண்டபம் முகாமுக்கு வந்தது; தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை இங்கேதான் இருந்தது. இன்றும் அங்கே அதன் மண்டல மையம் இருக்கிறது. அவர்களுடைய கணக்கெடுப்பாளர் மீன் இறங்குதளத்துக்கு வந்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இறங்குகிற எல்லாப் படகையும் அவர் எடை போட முடியாது. குறிப்பிட்ட நாட்களில், குறிப்பிட்ட நேரத்தில், சில படகுகளைத் தேர்ந்தெடுத்து, என்ன மீன், எத்தனை கூடை, எத்தனை மணி நேரத் தொழில் என்று நோட்டில் எழுதுவார். அந்த மாதிரியிலிருந்து மாதத்துக்கும் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். இது நன்றாக வேலை செய்கிற, உலகம் மதிக்கிற முறை. ஆனாலும் இறங்குதளத்துக்கே வராத பிடிப்பு, உதாரணமாகப் பெண்கள் கையால் எடுக்கிற பாசியும் கரையோரத்தில் தடவிப் பிடிக்கிற நண்டும், இப்படிப்பட்ட கணக்கில் சரியாகப் பதிவாவது கடினம். கணக்கில் வராத தொழிலுக்குத் திட்டத்திலும் இடம் கிடைப்பது கடினம். புள்ளியியல் வகுப்பில் மாதிரி எடுப்பது பற்றிப் பாடம் வரும்போது கூட இருக்கிறவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்வார்கள். உங்களுக்கு அந்தக் கூடையும் நோட்டும் கண்ணுக்குத் தெரியும்.

அறிவிப்பு வந்துவிட்டால் கொள்கை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. 2023 ஆகஸ்ட்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர், மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக அறிவித்தார். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் வேலை ஆரம்பிக்கிறது. நிதித் துறை ஒப்புக்கொள்ள வேண்டும், அரசாணை வர வேண்டும், பட்டியல் தயாராக வேண்டும், வங்கிக் கணக்கு சரிபார்க்க வேண்டும். நிவாரணம் குடும்பத்துக்கு ஒன்று. அப்படியானால் குடும்பம் என்பது யார்? கல்யாணமாகித் தனியாக உலை வைக்கிற தம்பி, ரேஷன் கார்டு இன்னும் பிரிக்காமல் இருந்தால் அவனுக்கு உண்டா? புருஷன் இறந்து, தானே கருவாடு விற்றுக் குடும்பம் நடத்துகிறவருக்கு? இதற்கு விடை கோட்டையில் எழுதப்படுவதில்லை. விண்ணப்பத்தை வாங்குகிற ஆய்வாளர் மேசையில், ஒவ்வொரு ஆளாக எழுதப்படுகிறது. மைக்கேல் லிப்ஸ்கி என்ற அமெரிக்க அறிஞர் 1980இல் இதைத்தான் விளக்கினார்: மக்களை நேரில் சந்திக்கிற கடைநிலை ஊழியர் எடுக்கிற சின்னச் சின்ன முடிவுகளின் கூட்டுத்தொகைதான் நடைமுறையில் அரசின் கொள்கை. நான் இந்தப் பாடத்தில் படித்தவற்றில், கரைக்கு வந்த பிறகும் தினமும் கைகொடுத்தது இந்த ஒரு கருத்து. மேசைக்குப் பின்னால் இருப்பவர்மேல் கோபப்படுவது எளிது. அவருக்கு எத்தனை ஊர், எத்தனை விண்ணப்பம், எந்தத் தேதிக்குள் பட்டியல் அனுப்ப வேண்டும் என்று கேட்டால் எங்கே திருத்த வேண்டும் என்பது தெரியும்.

உங்கள் அம்மாவின் தொழிலிலும் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பாம்பன் தீவுப் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிப்பவர்கள், எந்தெந்த நாள் போவது, எப்போது நிறுத்துவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்ற அந்த ஒழுங்கை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு 2015இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் விருது கிடைத்தது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொதுச் சொத்தை அரசு கையில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாருக்கு விட வேண்டும், வேறு வழியில்லை என்று பொருளாதாரம் நீண்ட காலம் சொல்லிக்கொண்டிருந்தது. பயன்படுத்துகிற மக்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று உலகம் முழுக்க உதாரணம் திரட்டிக் காட்டியவர் எலினோர் ஆஸ்ட்ரம். அதற்காக 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். வகுப்பில் அவர் பெயர் வரும்போது, மற்றவர்கள் எங்கோ இருக்கிற ஊர்களின் கதையாகப் படிப்பார்கள். உங்களுக்கு அது வீட்டில் பார்த்தது. ஆனால் ஒன்று, அதை எல்லாவற்றுக்கும் பொருத்திவிட முடியாது. அவர் பார்த்த பல இடங்கள் ஒருவரை ஒருவர் தெரிந்த சிறு கூட்டங்கள். இரண்டு நாடு, பல மாவட்டம், நாட்டுப்படகு, விசைப்படகு என்று இத்தனை தரப்பு இருக்கிற பாக் நீரிணைக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது இன்னும் திறந்த கேள்வி. உங்களைப் போன்ற ஒருவர் பின்னாளில் ஆய்வு செய்ய வேண்டிய கேள்வி அது.

இப்போது எங்கே படிப்பது என்பதற்கு வருகிறேன். பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியில் இரண்டு வருடப் பொதுக் கொள்கை முதுகலை 2014இலிருந்து இருக்கிறது, அவர்களுக்கென்று தனி நுழைவுத் தேர்வு. சட்டமும் கொள்கையும் சேர்ந்து வருவதால் நம் கரைப் பிரச்சினைகளுக்கு அது நல்ல பொருத்தம். டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் நல்ல இடம். பெங்களூர் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் வளர்ச்சி பற்றிய முதுகலை இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள் என்பதால் காசு தடையாக இருக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் என்று நினைக்கிறேன். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல், பொது நிர்வாகத் துறை இருக்கிறது, செலவு குறைவு. பெயரில் 'பொதுக் கொள்கை' இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். பொருளாதாரம், வளர்ச்சி, பொது நிர்வாகம் என்ற பெயர்களிலும் இதே பாடத்தில் பாதி கிடைக்கும். பாடத்திட்டத்தை இறக்கிப் பாருங்கள்: புள்ளியியல் இருக்கிறதா, அரசு நிதிநிலை அறிக்கை படிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்களா, களப்பணி எத்தனை வாரம், ஆய்வேடு உண்டா? இந்த நாலும் இல்லாத இடத்துக்குப் பல லட்சம் கட்டணம் கட்ட வேண்டாம், அது எவ்வளவு பளபளப்பான கட்டடமாக இருந்தாலும். கட்டணமும் தேர்வு முறையும் வருடத்துக்கு வருடம் மாறுவதால், அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இந்த வருட அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வீட்டில் யாராவது மீனவர் நல வாரிய உறுப்பினராக இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு அங்கே உதவித்தொகை உண்டு, சின்னத் தொகையானாலும் விடாதீர்கள்.

வேலை நிச்சயமா என்றால், இல்லை. பி.எட். முடித்தால் ஆசிரியர் என்பது மாதிரி இதை முடித்தால் இன்ன பதவி என்று அரசில் ஒன்று கிடையாது. ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், அரசுத் திட்டங்களை எடுத்து நடத்துகிற ஆலோசனை நிறுவனங்கள், பத்திரிகை, சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஆய்வு உதவி, இப்படித்தான் என்னோடு படித்தவர்கள் பிரிந்து போனார்கள். பலர் முதல் இரண்டு மூன்று வருடம் ஒப்பந்த வேலையில் இருந்தார்கள். பட்டதாரிகளுக்குச் சில நல்ல வாய்ப்புகள் இருக்கின்றன: நாடாளுமன்ற வேலைகளை ஆராய்கிற பி.ஆர்.எஸ். அமைப்பு ஒரு எம்.பி.யோடு ஏறக்குறைய ஒரு வருடம் வேலை செய்ய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கிறது. தமிழ்நாடு அரசு 2022இல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. போட்டி கடுமையானது. கல்லூரி ஆசிரியராவது உங்கள் குறி என்றால், இந்தப் பட்டத்தை வைத்து எந்தப் பாடத்தில் நெட் எழுத முடியும் என்பதைச் சேருவதற்கு முன்பே பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு ஆட்சிமுறை, சமூக நீதித் தாள்களில் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். அந்தத் தேர்வுக்கு உழைப்பு தனி. அதற்காக மட்டும் இரண்டு வருடத்தை இதில் போடுவது வீண்.

ஆங்கிலம் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பயம் நியாயமானது, பாடம் முழுக்க ஆங்கிலத்தில்தான் நடக்கும். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பயிற்சி ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடமும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது மீன்வளத் துறை கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தினம் இரண்டு பக்கம் படியுங்கள். விஷயம் உங்களுக்கு ஏற்கனவே தெரிந்தது என்பதால் மொழி சீக்கிரம் வசப்படும். அப்புறம், கடந்த வருடக் குறிப்பில் ராமநாதபுரம் மாவட்டத்துக்குச் சொன்ன ஒரு வேலையை, கடலரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டிக் கட்டுகிற ஒரு தூண்டில் வளைவோ மீன் இறங்குதளமோ, இந்த வருடக் குறிப்பில் என்ன ஆயிற்று என்று தேடுங்கள். காணாமல் போயிருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனுப் போட்டுக் கேளுங்கள். புள்ளியியலுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கைத் தூசி தட்டி எடுத்து, சராசரி, இடைநிலை, சதவீதம், மாதிரி என்ற அளவில் பழகிக்கொண்டால் சேர்ந்த பிறகு தடுமாற மாட்டீர்கள்.

சேர்க்கை விண்ணப்பத்தில் ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கட்டுரை கேட்பார்கள். நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன் என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் உங்கள் வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், எங்கே கடன் வாங்குகிறீர்கள், நிவாரணம் எப்போது கணக்கில் ஏறியது, அது எதற்குச் செலவானது என்று உள்ளபடி எழுதுங்கள். 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடை பின்னால் 61 நாளானது. அந்தக் கூடுதல் நாட்கள் மீன்வளத்தைக் கூட்டினவா, வீட்டுக் கடனைக் கூட்டினவா என்று கேள்வியாக வைத்து முடியுங்கள். பதில் சொல்ல வேண்டியதில்லை. தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவர்களோடு பேசியிருக்கிறேன். அவர்கள் தேடுவது சரியாகக் கேட்கத் தெரிந்தவரை.

பி.எட். விண்ணப்பத்தை இப்போது தூக்கிப் போட வேண்டாம். இரண்டுக்கும் போட்டு வையுங்கள். நுழைவுத் தேர்வு முடிவும் உதவித்தொகைக் கடிதமும் கையில் வந்த பிறகு அம்மாவையும் அண்ணனையும் உட்கார வைத்து, இரண்டு வருடச் செலவை மாத வாரியாகத் தாளில் எழுதிக் காட்டிப் பேசுங்கள். உதவித்தொகை கிடைக்காமல், பெரிய கடன் வாங்கித்தான் சேர வேண்டும் என்ற நிலை வந்தால், என் யோசனை: இந்த வருடம் சேர வேண்டாம். மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ கணக்கெடுப்பு வேலை ஏதாவது பார்த்துவிட்டு அடுத்த வருடம் மறுபடி எழுதுங்கள். அந்த ஒரு வருட அனுபவம் விண்ணப்பத்துக்கும் பலம்தான். விண்ணப்பக் கட்டுரை எழுதி முடித்தால் இங்கேயே போடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.